முப்பத்தொண்ணாம் நம்பர் சட்டை

மலைக்கு ஏலக்காய் பறிக்கப் போகிற பெண்கள் யாரும் வெறும் சேலையோடு போவதில்லை. சேலைக்கு மேலே ஒரு ஆம்பளைச் சட்டை ஏறிவிடும். புருசன் போட்டுத் தேய்ந்த முழுக்கைச் சட்டை, மகன் பள்ளிக்கூடம் முடித்ததும் மூலையில் எறிந்த வெள்ளைச் சட்டை, கட்சி மாநாட்டில் கொடுத்த பனியன் என்று எது கையில் கிடைக்கிறதோ அது. குளிருக்கும் அட்டைக்கும் இலைக் கீறலுக்கும் அதுதான் கவசம். அதனால் காலையில் ராசிங்காபுரம் பால் டிப்போவுக்கு எதிரே ஜீப்புக்குக் காத்து நிற்கிற பெண்களைப் பார்த்தால், ஒவ்வொருத்தி வீட்டு ஆம்பளையும் என்ன வேலை பார்க்கிறான் என்பதை அவள் முதுகிலேயே படித்துவிடலாம்.

சந்திரவல்லியின் முதுகில் முப்பத்தொண்ணு என்று போட்டிருக்கும்.

கண் கூசும் ஆரஞ்சுச் சட்டை அது. எண்ணுக்கு மேலே 'லிங்கேஷ்' என்று இங்கிலீசு எழுத்து. கால்பந்தில் கோல் கீப்பர் போடுகிற சட்டை. அவள் மகன் லிங்கேஸ்வரன் கோயம்புத்தூரில் நொய்யல் எஃப்.சி. என்கிற டீமில் இருக்கிறான். தேசிய லீக்கில் இரண்டாம் தட்டு டீம்தான். ஆனாலும் சம்பளம் போட்டு, ஏரோப்ளேனில் ஏற்றி, மணிப்பூர், மேகாலயா, கோவா என்று கூட்டிக்கொண்டுபோய் ஆடவைக்கிற டீம். போடியில் பள்ளிக்கூட மைதானத்துப் புழுதியில் விழுந்து புரண்ட பையன், விளையாட்டுக் கோட்டாவில் மதுரைக் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து இந்த டீமுக்குப் போனான். அவன் பெயர் போட்ட முதல் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று அப்பா சின்னச்சாமி சொன்னார்.

"சட்டையச் செவுத்துலயா மாட்டுவாக?" என்று மறுநாளே அதைப் போட்டுக்கொண்டு சந்திரவல்லி மலை ஏறிவிட்டாள்.

பெயர் எல்லாம் சரி. அந்த வருசம் லீக் தொடங்கிப் பாதி ஆட்டம் முடிந்தும் லிங்கேஸ்வரன் ஒரு நிமிசம்கூட ஆடவில்லை. அவன் ரெண்டாவது கீப்பர். மற்ற ஆட்டக்காரர்களில் ஒருத்தன் களைத்துப் போனால் மாற்றுவார்கள், சரியாக ஆடாவிட்டால் மாற்றுவார்கள். கீப்பரை அப்படி மாற்றுவதில்லை. முதல் கீப்பர் விழுந்து எழுந்திருக்க முடியாமல் போனால்தான் அடுத்தவனுக்குக் கதவு திறக்கும். அதுவரைக்கும் பெஞ்சு.

ஒவ்வொரு ஆட்டத்துக்கு மறுநாளும் ஜீப்புக்குள் இந்தப் பேச்சு நடக்கும். ஆரம்பித்து வைப்பது எப்போதும் கருப்பம்மாள்தான். சந்திரவல்லிக்குப் பக்கத்து வீடு, முறைக்கு மதினி, வாய்க்கு ஊரில் எதிர் கிடையாது.

"ஏண்டி சந்திரா, நேத்து ஒம்மவன் வெளையாண்டானா?"

"உக்காந்திருந்தான் மதினி."

"எம்புட்டு நேரம்?"

"ஆட்டம் முச்சூடும்."

"நல்லாத்தான் உக்காந்திருப்பான். பத்தாங்கிளாஸு வரைக்கும் பெஞ்சு தேச்ச பயதான!"

ஜீப்பு முழுக்கச் சிரிக்கும். சந்திரவல்லியும் சிரிப்பாள். கருப்பம்மாளுக்கு அந்த உரிமை உண்டு, லிங்கு பிறந்தபோது தொப்புள்கொடி விழுகிறவரைக்கும் குளிப்பாட்டிவிட்டவள். வேறு யாராவது அதையே சொன்னால் சந்திரவல்லியின் முகம் மாறிவிடும். பின்னால் வருகிற ஜீப்பின் டிரைவர் தங்கபாண்டியன் ஒருநாள் முந்தல் செக்போஸ்ட்டில் வண்டி நின்ற நேரத்தில், "என்ன மதினி, நம்ம ஸ்டெப்னி எப்படியிருக்கான்?" என்று கேட்டான். அன்றைக்கு முழுவதும் அவள் அவனோடு பேசவில்லை. ஆனால் மாற்று டயரின் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஸ்டாண்டில் இருக்கிற டிரைவர்கள் எல்லாருக்கும் லிங்கேஸ்வரன் ஸ்டெப்னி ஆகிவிட்டான்.

இதில் வெறும் கேலி மட்டும் இருந்திருந்தால் சந்திரவல்லி காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டாள். அவள் தலைக்கு மேல் ஒரு சத்தியம் தொங்கிக்கொண்டிருந்தது. அதுவும் அவளே வலியப் போய்த் தொங்கவிட்டுக்கொண்டது.

ஆவணி மாசம், அவள் போகிற ஜீப்பை ஓட்டுகிற அண்ணன் மொக்கச்சாமி ரெண்டாவது ஜீப்பு வாங்கினார். பால் டிப்போ எதிரே வண்டியை நிறுத்தி, மாலை போட்டு, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பூசை. பெண்கள் எல்லாரும் தூக்குவாளியோடு சுற்றி நின்றார்கள். மொக்கச்சாமி வண்டிக்கு முன்னால் தட்டில் சூடத்தைக் கொளுத்திவிட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"இந்த வண்டிக்கு டிரைவரு எம் மாப்ளதான். லிங்கு வரட்டும், சாவியக் குடுத்துர்றேன்."

"அவன் எங்கண்ணே வர்றான்? அவனுக்கு லீக்கு ஆரம்பிக்குது," என்றாள் சந்திரவல்லி.

"என்ன லீக்கு? போன வருசமும் லீக்குதான். போயி ஒரு வருசமா உக்காந்து வந்தான். உக்காருறதுதான் வேலைன்னா இங்க டிரைவரு சீட்டுல உக்காரட்டுமே. சும்மா கெடக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் அவளைக் கெடுத்தது. தாய்மாமன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாத வீடு அது. அண்ணன் மாட்டேன் என்றால் மாட்டேன்தான், வா என்றால் வந்துதான் ஆகணும். இத்தனை பேருக்கு முன்னால் அவர் சொல்லிவிட்டால் முடிந்தது. சந்திரவல்லி முன்னால் போனாள்.

"மாசி வரைக்கும் பொறுண்ணே. லீக்கு முடியட்டும். அதுக்குள்ள ஒருவாட்டியாச்சும் எம்மவன் எறங்கி வெளையாடலன்னா, நானே போயிக் கையப் புடிச்சுக் கூட்டியாறேன்."

சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த சூடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கி அணைத்துவிட்டாள்.

சூடம் அணைத்துச் செய்த சத்தியத்தை அந்த ஊரில் யாரும் மீறுவதில்லை. நிலத்தகராறு, களவு, கை வைத்ததா இல்லையா என்கிற வழக்கு எல்லாம் அதோடு முடியும். மீறினவனுக்கு என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. சொல்லாததாலேயே அது பெரிசு. மொக்கச்சாமியே ஒரு எட்டு பின்னால் போய்விட்டார். "என்ன ஆத்தா இது, பூசையில போயி…" என்றார். ஆனால் வார்த்தையை வாங்கிக்கொண்டார். புது ஜீப்பை ஓட்ட மாசி வரைக்கும் என்று பேசிக் கோம்பையிலிருந்து ஒரு ஆளை வைத்தார். சந்திரவல்லியின் உள்ளங்கையில் காசளவுக்கு ஒரு தழும்பு நின்றுவிட்டது. ஏலச்செடித் தூரில் நீளுகிற சரத்திலிருந்து காய் பறிக்கும்போதெல்லாம் அந்த இடம் சுருக் என்றது.

புரட்டாசியில் லீக் தொடங்கியது. ஆட்டம் போனில் வரும். மலையில் எல்லா இடத்திலும் டவர் கிடைக்காது. காய் எடை போடுகிற கொட்டகை வாசலில்தான் கிடைக்கும். அங்கே கங்காணி சாம்சன் தராசுக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்திருப்பான். பூப்பாறையில் பிறந்து வளர்ந்த பையன். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், ஆதரிப்பதோ கொச்சியில் ஆடுகிற மஞ்சள் சட்டை டீம். அது மேல்தட்டு லீக். நொய்யல் ஆடுகிற லீக்கை அவன் கண்ணெடுத்தும் பார்க்கமாட்டான். ஆனால் சந்திரவல்லியின் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவனே அந்த ஆட்டத்தைப் போட்டுவைக்க ஆரம்பித்தான்.

"எந்தா சேச்சி, நொய்யல் இன்னைக்கும் மூணு கோல் வாங்கிருச்சு. சட்டையக் கழட்டி வெச்சிருங்க. செடியெல்லாம் பாத்துப் பயந்து காய்க்காமப் போயிரும்."

"ஒந்தராசு எடை சரியாக் காட்டுதான்னு மொதல்ல பாரு தம்பி. அப்புறம் எஞ்சட்டையப் பாக்கலாம்."

போனில் ஆட்டம் பார்க்கிறவர்கள் எல்லாரும் பந்து போகிற பக்கம் பார்ப்பார்கள். சந்திரவல்லி பந்து போகாத பக்கம் பார்ப்பாள். படத்தின் கீழ் ஓரத்தில், கோடு போட்டதற்கு இந்தப் பக்கம், எப்போதாவது ஒரு விநாடி பெஞ்சு தெரியும். பச்சை மேல்துணி போட்ட நாலைந்து தலைகள். அதில் எது தன் மகன் தலை என்று அவளுக்குத் தெரியும். உட்கார்ந்திருக்கிற தோரணையிலேயே கண்டுபிடித்துவிடுவாள். முன்னால் குனிந்து, முழங்கை முழங்காலில் ஊன்றி உட்கார்ந்திருப்பான். ஏலச்செடித் தூரில் அவள் உட்கார்கிற அதே மாதிரி.

நொய்யல் தோற்றுக்கொண்டே போனது. தோற்கத் தோற்க, கீப்பரை மாற்றுவார்கள் என்று அவளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. மாற்றவில்லை. முதல் கீப்பர் தோம்பா என்று ஒரு மணிப்பூர்ப் பையன். ஐந்து கோல் வாங்கினாலும் அடுத்த ஆட்டத்தில் அவன்தான் நின்றான்.

கார்த்திகையில் கருப்பம்மாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். போடிமெட்டுக்கு ஏறுகிற வழியில் ஒரு வளைவில் ஜீப்புகள் நின்று காணிக்கை போட்டுப் போகிற சின்னக் கோயில். இறங்கிப் போய்க் கும்பிட்டு வந்தவள், ஜீப்பில் ஏறினதும் ரகசியம் மாதிரி ஊருக்கே கேட்கச் சொன்னாள்.

"வேண்டிட்டு வந்துட்டேன்டி. அந்த மணிப்பூர்க்காரப் பயலுக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் ஆத்தா, ஒரு வாரத்துக்கு ஒரு காய்ச்சலு குடுன்னு."

மார்கழியில் தோம்பாவுக்குக் காய்ச்சல் வந்தேவிட்டது. மேகாலயாவில் ஆட்டம். "நாளைக்கு நாந்தாம்மா," என்று லிங்கேஸ்வரன் போன் பண்ணினான். குரல் நடுங்கியது, குளிர் என்றான். மறுநாள் எஸ்டேட்டில் சாம்சன் பத்து நிமிசம் முன்னாலேயே எடைபோட்டு முடித்துவிட்டான். மொத்தப் பெண்களும் அவன் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளையாக இருந்தது. போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். கெடவில்லை, அது மூடுபனி. ரெண்டு பக்கக் கோல் கம்பமும் தெரியாத பனி. நடுவர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு ஆட்டத்தைத் தள்ளிவைத்தார்.

"பனிக்கா?" கருப்பம்மாளுக்கு ஆங்காரம் தாங்கவில்லை. "இதவிடப் பனியில நம்மளக் காட்டுக்குள்ள எறக்கி விடுறாங்கெ! கையத் தடவித் தடவிக் காயெடுக்குறோம். இவிங்களுக்கு ஒரு பந்து தெரியாதாமா?"

பனி விலகி அந்த ஆட்டம் நடந்தபோது தோம்பாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது.

"நான் ஒரு வாரம்னு வேண்டிருக்கக் கூடாது. ஒரு மாசம்னு வேண்டிருக்கணும்," என்றாள் கருப்பம்மாள்.

"மதினி, இனிமே அப்படி வேண்டாத."

"ஏண்டி, ஒம்மவனுக்குத்தானடி வேண்டுனேன்!"

"எம்மவன் எந்திரிக்கணும்னு வேண்டு. இன்னொருத்தி பெத்தது விழுகணும்னு வேண்டாத. அப்படி வர்ற எடம் எங்களுக்கு வேணாம்."

கருப்பம்மாள் அதற்குப் பிறகு பூப்பாறை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் வாழ்நாளில் அது பெரிய சாதனை.

தை முடிந்தது. மாசி வந்தது. நொய்யலுக்குக் கடைசி ஆட்டம் சொந்த ஊரில். தோற்றால் லீக்கைவிட்டே கீழே இறங்க வேண்டும். டிரா பண்ணினால்கூடத் தப்பித்துவிடலாம். மொக்கச்சாமிக்கு நொய்யல் என்ன ஆனால் என்ன. கோம்பை டிரைவருக்குக் கெடு முடிகிறது. அவர் தங்கச்சி வீட்டு வாசலில் நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். "ஞாயித்துக்கெழமை ஆட்டமாம்ல. திங்கக்கெழம காலைல மாப்ள சாவி வாங்கணும். நீயே போயிக் கூட்டியாறேன்னு சொன்ன. சொன்னபடி போயிட்டு வா."

சின்னச்சாமி மனைவியைப் பார்த்தார், மச்சானைப் பார்த்தார், ரெண்டு பக்கமும் தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த அரசியல் அதுதான்.

சந்திரவல்லி சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, தேனி, திண்டுக்கல், பழனி என்று பஸ் மாறி மாறி, சாயங்காலம் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தாள். மடியில் ஒரு தூக்குவாளி. டீம் தங்கியிருந்த விடுதியில் மகன் அறைக்குள் போய் அதைத் திறந்ததும் அவன் பதறிவிட்டான்.

"ம்மா! கருவாட்டக் கொண்டாந்தியா? பில்டிங்கே நாறும்மா! மூடு, மூடு!"

மூடுவதற்குள் பக்கத்து அறைக் கதவு திறந்தது. சப்பை மூக்கும் சிரிப்புமாக ஒரு பையன் வாசனை பிடித்துக்கொண்டே வந்து நின்றான். தூக்குவாளிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு அவன் பாஷையில் ஏதோ கூவினான்.

"அவங்க ஊர்லயும் கருவாடு இல்லாம சோறு எறங்காதாம்மா," என்றான் லிங்கேஸ்வரன். "இவந்தான் தோம்பா."

சந்திரவல்லி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆறு மாசமாக அவள் மகனுக்குக் குறுக்கே நிற்கிற பையன். அவன் பாட்டுக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, "அம்மா, சாப்டீங்ளா?" என்று தெரிந்த ஒரே தமிழைச் சொன்னான். அவள் சோற்றைப் பிசைந்து வைத்தாள். ரெண்டு பேரும் ஒரே தட்டில் தின்றார்கள். தின்றுகொண்டே தோம்பா அவன் அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, போனைச் சந்திரவல்லி பக்கம் திருப்பினான். அங்கே சந்தையில் காய்கறிக் கூடைகளுக்கு நடுவில் ஒருத்தி. இவளைவிட ரெண்டு வயது கூட இருக்கும். ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது இல்லை. கருவாட்டுத் தூக்குவாளியை இவள் தூக்கிக் காட்டினாள். அந்தம்மா வாய் நிறையச் சிரித்தாள்.

மறுநாள் ஸ்டேடியத்தில் சந்திரவல்லி ஆரஞ்சுச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நடப்பது எதுவும் போனில் வந்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தாள். லிங்கேஸ்வரன் பந்தை உதைக்கிறான், தோம்பா பிடிக்கிறான். இடது மூலை, வலது மூலை, தலைக்கு மேல், தரையோடு. பிறகு கையால் எறிகிறான். பிறகு மறுபடியும் உதை. வெயிலில் மகனுடைய சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. தோம்பாவின் கை சூடேறுகிறவரைக்கும், கண் பழகுகிறவரைக்கும் விடவில்லை. முடிந்ததும் தோம்பா உள்ளே போனான். லிங்கேஸ்வரன் பந்துகளைப் பொறுக்கி வலையில் போட்டுக் கட்டிவிட்டுப் பெஞ்சுக்கு வந்தான். இதைத்தான் ஊரில் 'சும்மா உட்கார்ந்திருந்தான்' என்கிறார்கள். அவளே அப்படித்தான் சொல்லியிருக்கிறாள், ஜீப்பு ஜீப்பாக.

ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. முடிய இன்னும் கொஞ்ச நேரம். எதிர் டீமுக்காரன் ஒருத்தன் பாய்ந்து வர, தோம்பா அவன் காலடியில் விழுந்து பந்தைக் கட்டிப் பிடித்தான். வந்தவன் முழங்கால் தோம்பாவின் விலாவில் இறங்கியது. பந்து கையை விட்டுப் போகவில்லை. ஆனால் தோம்பா எழுந்திருக்கவில்லை.

கோச்சு திரும்பிக் கை காட்டினார். லிங்கேஸ்வரன் மேல்துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு கோட்டோரம் வந்து நின்றான்.

சந்திரவல்லி எழுந்துவிட்டாள். இதுதான், இந்த நிமிசம்தான். இன்னும் ரெண்டு எட்டு வைத்தால் போதும். மகன் களத்தில் கால் வைத்துவிட்டால் சத்தியம் நிறைவேறும், ஜீப்பு கிடையாது, ஸ்டெப்னி கிடையாது, அண்ணனுக்கு முன்னால் தலை குனிய வேண்டாம். அப்படியே அங்கே தரையில் கிடக்கிறவனைப் பார்த்தாள். சந்தையில் காய்கறிக் கூடைக்கு நடுவில் சிரித்த முகம் ஞாபகம் வந்தது. இந்நேரம் அவளும் போனைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அவளுக்கு இது ரெண்டு எட்டு கிடையாது, ரெண்டாயிரம் மைல்.

"எந்திரிப்பா!" என்று கத்தினாள் சந்திரவல்லி. "எந்திரிச்சுரு சாமி!"

யாருக்குக் கத்தினாள் என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. முதுகில் இருப்பது வேற பெயர், கூப்பிடுவது வேற ஆளை.

தோம்பா எழுந்து உட்கார்ந்தான். விலாவுக்குக் கட்டுப் போட்டார்கள். ஆடுகிறேன் என்று கை காட்டினான். அவனுக்குக் கையுறையை இழுத்து மாட்டி, காதில் ஏதோ சொல்லி, முதுகில் தட்டி அனுப்பியது லிங்கேஸ்வரன். அனுப்பிவிட்டு, எறிந்த மேல்துணியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். முன்னால் குனிந்து, முழங்கை முழங்காலில் ஊன்றி.

ஆட்டம் டிராவில் முடிந்தது. நொய்யல் தப்பித்தது.

விடுதிக்குப் போனபோது லிங்கேஸ்வரன் பையைக் கட்டி வைத்திருந்தான். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் சாதாரணமாக இருந்தது.

"ம்மா, ஏழரைக்குப் பழனி பஸ்சு இருக்கு. வெரசாப் போனா சீட்டுக் கெடைக்கும்."

"எங்க போறதுக்கு?"

"என்னம்மா, ஊருக்குத்தான். நீ சூடம் அணைச்சுருக்க. மாமா காத்துருப்பாரு."

"கோச்சு என்ன சொன்னாரு?"

"அடுத்த வருசத்துக்கும் இருங்கிறாரு. ஆனா ஒண்ணாம் நம்பரு தோம்பாதானாம். நானு மறுபடியும் பெஞ்சுதான். அத விடும்மா. எனக்கு இருவத்தி மூணு ஆச்சு."

சந்திரவல்லி கட்டிலில் உட்கார்ந்தாள். பையை இழுத்துப் பக்கத்தில் வைத்து, கட்டியிருந்த முடிச்சை அவிழ்த்தாள்.

"சரத்துல முத்துன காயி இருக்கும், முத்தாத காயும் இருக்கும். ஒரே சரந்தான். முத்துனத எடுத்துட்டு மத்ததுல கை வைக்கக் கூடாது. நாப்பது நாள் கழிச்சு அடுத்த சுத்துக்கு வருவோம், அப்ப எடுப்போம். அவசரப்பட்டுப் பச்சையப் பறிச்சுட்டு வந்தவள சாம்சன் தராசுப் பக்கமே விடமாட்டான். இருவது வருசமா பறிக்கிறேன், ஒரு நாளும் அந்தப் பேச்சு வாங்குனதில்ல. பெத்த மகன் விசயத்துலயா வாங்குவேன்?"

"ம்மா, நான் என்ன ஏலக்காயா?"

"கீப்பருக்கு முப்பதுக்கு மேலதான் கை முத்தும்னு நீதானடா சொன்ன? பொய்யா சொன்ன?"

அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக அலமாரியில் வைத்தாள்.

"அப்ப ஒஞ்சத்தியம்?"

"அது என் கையி. நான் பாத்துக்கிறேன். ஏழரை பஸ்சுக்கு நான் மட்டும் போறேன். தோம்பாவுக்கு வெலா வலிக்கும், ராத்திரி ஒத்தடம் குடு."

திங்கட்கிழமை காலையில், இன்னும் இருட்டு விலகாத நேரம், பால் டிப்போ எதிரே மொக்கச்சாமியின் ரெண்டு ஜீப்பும் நின்றன. பின்னால் தங்கபாண்டியன் ஜீப்பும் நின்றது. மொக்கச்சாமி புது ஜீப்பின் சாவியைக் கையிலேயே வைத்திருந்தார். சந்திரவல்லி ஆரஞ்சுச் சட்டையோடு, தூக்குவாளியோடு தனியாக வந்தாள்.

"மாப்ள எங்க?"

"கோயம்புத்தூர்ல."

"பின்னாடி வர்றானா?"

"வரல."

"வெளையாண்டானா?"

"இல்ல."

பெண்கள் எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். கருப்பம்மாள்கூட.

"சூடம் அணைச்ச கைடி அது," என்றார் மொக்கச்சாமி. கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் இருந்தது.

சந்திரவல்லி உள்ளங்கையை விரித்து ஜீப்பு வெளிச்சத்தில் காட்டினாள். "இந்தா இருக்குண்ணே தழும்பு. எங்கயும் போகல. சத்தியம் பண்ணுனது நானு, மீறுனதும் நானு. சாமி கேக்கணும்னா எங்கிட்ட வந்து கேக்கட்டும். என்ன கேட்டாலும் எனக்குள்ளதக் குடுத்துர்றேன். எம்மவன் காலக் கொண்டாந்து அதுல கட்டமாட்டேன்."

"உக்காந்து உக்காந்து வர்றதுக்கு இம்புட்டு ஆங்காரமா ஒனக்கு? ஊரே ஸ்டெப்னிங்குது அவன!"

"ஸ்டெப்னிதான். நல்லாச் சொல்லட்டும். ஸ்டெப்னி இல்லாம மெட்டுக்கு ஒருநாள் வண்டி எடுத்துருக்கியாண்ணே நீ?"

யாரோ இருட்டில் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார்கள். மொக்கச்சாமிக்கு முகம் கறுத்தது.

"அப்ப என் வண்டியில ஏறாத."

"ஏறல."

வழக்கமாக அவள் உட்கார்கிற இடத்தில் முந்தின வாரம் வைத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் படுதாவை எட்டி எடுத்துக்கொண்டு, பின்னால் நின்ற ஜீப்புக்கு நடந்தாள். தங்கபாண்டியன் தலையைச் சொறிந்தான்.

"மதினி, அண்ணனுக்கும் ஒங்களுக்கும் நடுவுல எனக்கு எதுக்கு வம்பு? உள்ள எடமும் இல்ல. பின்னாடி படியில நிக்கணும்."

"நின்னா என்ன? எம்மவன் ரெண்டு வருசமா உக்காந்துருக்கான். நான் மெட்டு வரைக்கும் நிக்கமாட்டனா?"

பின்படியில் ஏறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வம்பிலிருந்து வெரசாக விலகிப் போக நினைத்த தங்கபாண்டியன் வண்டியை ஒடித்து முதலில் கிளப்பிவிட்டான். மொக்கச்சாமியின் ஜீப்பு பின்னால் வந்தது. முந்தலைத் தாண்டியதும் ஏற்றம். அந்தப் பாதையில் ஒருத்தனை ஒருத்தன் முந்த முடியாது. முன் வண்டியின் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் மெட்டு வரைக்கும் ஏற வேண்டும்.

முதல் வளைவில் மொக்கச்சாமி விளக்கைக் கூட்டினார். ஆரஞ்சுச் சட்டை பளீரென்று எரிந்தது. விளக்கை மட்டுப்படுத்தினார், பாதை தெரியவில்லை. மறுபடி போட்டார். ஆரன் அடித்தார். படியில் நின்றவள் திரும்பவில்லை.

மொக்கச்சாமிக்குப் பக்கத்தில் முன்சீட்டில் உட்கார்ந்திருந்த கருப்பம்மாளுக்கு எழுத்து படிக்க வராது. எண் நன்றாகப் படிப்பாள். ஒவ்வொரு வளைவிலும் வெளிச்சம் அந்த முதுகில் விழும்போதெல்லாம் அவள் நிதானமாக, மொக்கச்சாமி காதில் விழுகிற மாதிரி, வாசித்துக்கொண்டே வந்தாள்.

"முப்பத்தொண்ணு… இந்தா, மறுபடியும் முப்பத்தொண்ணு…"